வலியால் அளக்கப்படுமோ தாய்மை?

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது என்ற செய்தி வந்தவுடன் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. ‘ஆணா, பெண்ணா?’ என்பது ஒன்று. ‘நார்மலா, ஆபரேஷனா?’ என்பது மற்றொன்று. தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் மராத்தியிலும் இந்த ‘நார்மல்’ என்ற சொல் இன்று ஒன்றுபோலவே வழங்குகிறது. தமிழில் அதற்குச் ‘சுகப்பிரசவம்’ என்ற அழகிய பெயரும் உண்டு. ‘நார்மல்’ என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் மலர்கிறது. ‘சிசேரியன்’ என்றால் குரல் சற்றுத் தாழ்கிறது. ‘போகட்டும், தாயும் சேயும் நலம் அல்லவா?’ என்று ஆறுதல் கூறப்படுகிறது. தாயும் சேயும் நலமாக இருக்கும்போது ஆறுதல் கூறும்படி அங்கே எதை இழந்துவிட்டார்கள்?

சில வீடுகளில் அந்த ஆறுதலும் கிடைப்பதில்லை. ‘நாங்கள் எட்டுப் பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றோம். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வலி பொறுக்கத் தெரியவில்லை’ என்ற பேச்சு, தையலிட்ட வயிற்றோடு படுத்திருப்பவளின் காதில் விழுகிறது. உடலில் இட்ட தையல் சில நாட்களில் பிரிக்கப்படும். சொல்லால் பட்ட புண்ணோ பல ஆண்டுகள் ஆறாமல் இருக்கும். ஆகவே இது மருத்துவரிடம் மட்டும் விட்டுவிடக்கூடிய விஷயமன்று. தர்மத்தைப் பற்றிய கேள்வியும் இதில் அடங்கியுள்ளது. தாய்மையின் பெருமை வலியின் அளவைப் பொறுத்ததா?

பண்டைய நூல்கள் காட்டும் காட்சி

வயிற்றைத் திறந்து குழந்தையை எடுப்பது நம் நாட்டு முன்னோர் அறியாத ஒன்றன்று. கருவுற்ற பெண் திடீரென இறந்துபோக, பேறுகாலம் நெருங்கிய அவளது வயிறு துடிக்குமானால், மருத்துவன் தாமதிக்காமல் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்க வேண்டும் என்று சுச்ருத சம்ஹிதை கூறுகிறது. மௌரிய மன்னர் பிந்துசாரரின் பிறப்பைப் பற்றிய ஜைன மரபுக் கதையும் இத்தகையதே. நஞ்சு கலந்த உணவை அறியாமல் உண்ட அரசியின் வயிற்றைச் சாணக்கியர் கீறிக் குழந்தையைக் காப்பாற்றினார். நஞ்சின் ஒரு துளி தலையில் பட்டதால் பிந்துசாரர் என்ற பெயர் வந்தது என்பது அக்கதை.

மருத்துவ நூலிலும் கதையிலும் குழந்தைக்கு வழி இருக்கிறது, தாய்க்கு இல்லை. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே நிலைதான். 1876-ஆம் ஆண்டு இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போர்ரோ என்ற மருத்துவர், குழந்தையை எடுத்தபின் கருப்பையையும் அகற்றித் தாயைப் பிழைக்க வைத்தார். 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் சாங்கர், கருப்பையை அகற்றாமலே தையலிட்டு மூடும் முறையை வகுத்தார். பின்னர் மயக்க மருந்தும், இரத்தம் ஏற்றும் முறையும், கிருமிகளை அழிக்கும் மருந்துகளும் வளர்ந்து இந்த அறுவையைப் பெரும்பாலும் ஆபத்தற்றதாக்கின. ‘தாயா, சேயா?’ என்ற கொடிய கேள்வியைப் பல வீடுகளின் வாசலிலிருந்து அகற்றியது இந்த வித்தைதான்.

எட்டுப் பிள்ளை பெற்ற பாட்டி தன் அனுபவத்தைச் சொல்ல நம்முன் இருக்கிறார். அவர் காலத்தில் முதற்பேற்றிலேயே உயிர் நீத்தவர்கள் தம் அனுபவத்தைச் சொல்ல வரமாட்டார்கள். நம் நாட்டில் 2001-03-ஆம் ஆண்டுகளில்கூட, உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 301 தாய்மார்கள் பேறுகாலக் காரணங்களால் இறந்தனர். 2018-20-இல் அந்த எண் 97 ஆகக் குறைந்தது. அறுவை ஒன்றே இதற்குக் காரணமன்று. ஆயினும் உரிய நேரத்தில் கிடைத்த அறுவைக்கும் இதில் பங்குண்டு.

வலி தவமாகுமா?

‘வலியைப் பொறுப்பது ஒரு தவம் அல்லவா?’ என்று சிலர் கேட்கலாம். ஒருவர் உயர்ந்த நோக்கத்திற்காகத் தாமே மனமுவந்து ஏற்கும் துன்பமே தவம். பிறர் பட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும் துன்பம் தவமாகாது. அப்படி எதிர்பார்ப்பது கருணையின்மையே. உபவாசம் இருப்பவர் தபஸ்வி. பிறரைப் பட்டினி போடுபவர் தபஸ்வி ஆகமாட்டார்.

அறுவையில் வலியில்லை என்று எண்ணுவதும் அறியாமையே. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்திருக்கலாம். குழந்தை குறுக்கே கிடக்கலாம். அதன் இதயத்துடிப்பு தளரலாம். பல மணி நேரம் வலி எடுத்தும் வழி திறக்காமல் இருக்கலாம். இப்படிப் பேற்று வலி முழுவதையும் பட்டுவிட்டு அதன் பிறகு அறுவைக்குச் செல்பவர்கள் பலர். தோல், கொழுப்பு, தசையை மூடிய உறை, வயிற்றின் உள்ளுறை, கருப்பை என ஒவ்வொன்றாகத் திறந்து குழந்தை வெளியே எடுக்கப்படுகிறது. மறுநாள் அந்தக் காயத்தோடுதான் அவள் எழுந்து நிற்கிறாள். இருமும்போது வயிற்றைக் கையால் தாங்கிக்கொள்கிறாள். அந்த வயிற்றின் அருகே குழந்தையை அணைத்துப் பாலூட்டுகிறாள். இதை எளிய வழி என்று எப்படிச் சொல்வது?

தேவையும் ஆசையும்

இதன் மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 2005-06-இல் 8.5 சதவீதமாக இருந்த சிசேரியன் பிறப்புகள் 2019-21-இல் 21.5 சதவீதமாயின. அந்தப் பிந்தைய ஆய்வில் அரசு மருத்துவமனைகளில் 14.3 சதவீதமும், தனியார் மருத்துவமனைகளில் 47.4 சதவீதமும் அறுவைப் பேறுகள். தெலங்கானாவில் 60.7 சதவீதம், நாகாலாந்தில் 5.2 சதவீதம். பெண்களின் உடலமைப்பு மாநிலத்திற்கு மாநிலம் இவ்வளவு மாறுபடுமா என்ன? ஓரிடத்தில் தேவையில்லாதவருக்கும் செய்யப்படுகிறது; வேறிடத்தில் தேவைப்பட்டவருக்கும் கிடைக்காமல் போகிறது. ஒரு நாட்டில் இந்த விகிதம் 10 சதவீதத்திற்கு மேல் உயர்வதால் தாய்சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. அதே அறிக்கை, குறிப்பிட்ட விகிதத்தை எட்டுவதைவிட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றும் வலியுறுத்தியது.

தேவையற்ற அறுவைக்கு மருத்துவமனையின் வசதியும் வருவாயும் காரணமாகலாம். பெண்ணின் அச்சமும் காரணமாகலாம். பக்தியுள்ள குடும்பங்களில் மற்றொரு காரணமும் புகுந்துள்ளது. நல்ல நட்சத்திரமும் லக்னமும் பார்த்து, அந்த நேரத்தில் குழந்தையை எடுத்துத் தரும்படி மருத்துவரை வேண்டுகிறார்கள். அறுவை அவசியம் என்று மருத்துவர் முடிவு செய்து, நாளையும் அவரே குறித்தபின், அந்த நாளில் காலையா மாலையா என்று கேட்பதில் பெரிய தீங்கில்லை. ஆனால் நட்சத்திரத்திற்காக நாளையே முன்னுக்கு இழுப்பது வேறு. தக்க மருத்துவக் காரணமின்றி 39 வாரங்கள் நிறையுமுன் குழந்தையை எடுத்தால் அதற்கு மூச்சுத் திணறல் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. இறைவனின் கருணையை நம்புகிறவர் அவனுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது எவ்வகை நம்பிக்கை? பிறக்கப்போகும் உயிரின் நன்மையைவிட அதன் ஜாதகம் நமக்குப் பெரிதாகிவிட்டதா?

ஆகவே ‘இயற்கையா, செயற்கையா?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘இது தேவையா?’ என்று கேட்பதே விவேகம். ‘எதற்காக அறுவை? காத்திருந்தால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா?’ என்று மருத்துவரிடம் பணிவோடு கேட்கும் உரிமை தாய்க்கு உண்டு. அவசர நேரத்தில் அவரது சொல்லைத் தாமதமின்றி ஏற்கும் கடமையும் குடும்பத்திற்கு உண்டு.

ஆயத்தம்

பேறுகாலத்திற்குப் புறத்திலும் அகத்திலும் ஆயத்தம் வேண்டும். புற ஆயத்தம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. 2019-21 ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். எவ்வகைப் பேறாயினும் இரத்தம் இழக்க நேரும். குறைவாக உள்ளவர் இழந்தால் ஆபத்து மிகுதி. இரும்புச்சத்து மாத்திரையை நாள்தோறும் உண்பது, இரத்த வகையைக் குறித்து வைப்பது, இரத்தம் தரக்கூடிய இருவர் மூவரிடம் முன்னரே சொல்லி வைப்பது, இரவில் வாகனம் கிடைக்குமா என்று பார்ப்பது ஆகியவை வீட்டார் செய்ய வேண்டிய பூஜைகள். நாள் குறித்துச் செய்யும் அறுவையாயின், மருத்துவர் கூறியபடி திட உணவைச் சுமார் ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். ‘வெறும் வயிற்றோடு போகிறாளே’ என்று இரக்கப்பட்டு ஏதேனும் ஊட்டிவிடுவது மயக்கம் கொடுக்கும்போது ஆபத்தாக முடியலாம்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். தாய் விழித்தே இருப்பாள். வலி தெரியாது, இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். இதை முன்னரே அறிந்தவள் அஞ்சமாட்டாள். மூச்சைச் சீராக்கி, இஷ்ட தெய்வத்தின் நாமத்தை மனத்திற்குள் சொல்லிக்கொண்டிருந்தால் மனம் ஒரு பிடிப்பைப் பெறும்.

அக ஆயத்தம் இதனினும் நுட்பமானது. ‘எனக்குச் சுகப்பிரசவம்தான் ஆக வேண்டும்’ என்று ஒரே முடிவைப் பற்றிக்கொண்டவள், அது மாறும்போது உடைந்துபோகிறாள். நடைப்பயிற்சி, நல்ல உணவு, மருத்துவர் அறிவுரை என்று தன்னால் இயன்றதைக் குறைவின்றிச் செய்து, பலன் எவ்வழியில் வந்தாலும் ஏற்கும் மனத்தை வளர்த்துக்கொள்வதே கர்மயோகம். போர்க்களத்தில் உபதேசிக்கப்பட்ட அந்த யோகம் பிரசவ அறைக்கும் பொருந்தும்.

யார் செய்தது?

எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் கூறுகிறது: இடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தான் ஒருவனே செய்பவன் என்று நினைப்பவன் உள்ளதை உள்ளபடி காணாதவன் என்பதும் அங்கேயே கூறப்படுகிறது.

இதைப் பிரசவத்தில் பொருத்திப் பார்ப்போம். தாயின் உடல் இருக்கிறது. அவளது உறுதி இருக்கிறது. மருத்துவரின் கையும் கத்தியும் முன்பின் அறியாத ஒருவர் கொடுத்த இரத்தமும் இருக்கின்றன. செவிலியரின் இடையறாத உழைப்பு இருக்கிறது. இவை அனைத்தையும் கூட்டி வைத்த இறைவனின் திருவுளமும் இருக்கிறது. சுகப்பிரசவத்திலும் இதே ஐந்தும் உண்டு. அவற்றின் பங்கு மட்டுமே மாறுகிறது. அவ்வாறிருக்க, ஒருத்தி ‘நானே பெற்றேன்’ என்று பெருமிதம் கொள்ளவும், மற்றொருத்தி ‘நான் பெறவில்லை, எடுத்துக் கொடுத்தார்கள்’ என்று கூசவும் இடமேது? இரண்டும் ஒரே அகங்காரத்தின் இரு முகங்கள் அல்லவா?

தேறும் காலம்

அறுவைக்குப் பின் தேறுவது தாயின் கடமை மட்டுமன்று. வீட்டாரின் தர்மமும் ஆகும். மருத்துவர் சொன்னவுடன், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், கைதாங்கலாக எழுந்து நடக்க வேண்டும். கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையாமல் இருக்க அது உதவுகிறது. முதல் ஆறு வாரங்களில் குழந்தையைவிடக் கனமான எதையும் அவள் தூக்கலாகாது. காயம் சுத்தமாகவும் ஈரமின்றியும் இருக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் ‘சவா மஹினா’ என்றும், பிற இடங்களில் நாற்பது நாள் என்றும் பிரசவித்தவளுக்கு ஓய்வு வகுத்த முன்னோர் அறிவுடையோர். அந்த ஓய்வைப் போற்றுவோம். ஆனால் வழக்கம் அனைத்தையும் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அது உண்மையன்று, பாலூட்டுபவளுக்குத் தண்ணீர் மிகவும் தேவை. ஆறாத காயத்தின்மேல் எண்ணெய் தேய்ப்பதும் வயிற்றை இறுகக் கட்டுவதும் கூடாது. காய்ச்சல், காயத்தில் சீழ், மிகுந்த இரத்தப்போக்கு, துர்நாற்றம், ஒரு காலில் வீக்கம், மூச்சுத் திணறல், கடுமையான தலைவலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரு வாரங்களுக்கு மேலும் நீடிக்கும் துயரமும் அழுகையும் மனத்தின் நோய். அதைப் ‘பிடிவாதம்’ என்று ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், அரசு மருத்துவமனைகளில் சுகப்பிரசவமான தாய்க்கு மூன்று நாள் வரையும், அறுவை செய்துகொண்ட தாய்க்கு ஏழு நாள் வரையும் இலவச உணவு என்று வகுத்தது. இவளுக்குக் கூடுதல் நாட்கள் தேவை என்பதை ஓர் அரசாணை உணர்ந்திருக்கிறது. நம் இல்லங்கள் உணர்ந்திருக்கின்றனவா?

மருத்துவ முகாமிலும் அன்னதானத்திலும் ஆர்வத்தோடு தொண்டு செய்யும் அன்பர்கள் பலர். அவர்களுள் ஒருவரின் மனைவி, அறுவை முடிந்த பத்தாம் நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தால், அந்தத் தொண்டு எங்கே தொடங்கியிருக்க வேண்டும்? இரவில் அழும் குழந்தையை எடுத்துத் தாயின் கையில் கொடுப்பதும், பாலுண்டபின் தோளில் போட்டுத் தட்டுவதும், துணிகளை அலசுவதும் சேவையே. அதைச் செய்ய ஆண்மகன் வெட்கப்பட வேண்டியதில்லை. மாமியாரும் நாத்தனாரும் குறை கூறாமல் ஒரு வேளை சூடான உணவைக் கொண்டு வந்து வைத்தால், அது எந்த நைவேத்தியத்திற்கும் குறைந்ததன்று.

ஒருமுறை அறுவை நடந்தால் என்றும் அறுவைதான் என்பதும் இல்லை. தக்க இடைவெளி விட்டு, வசதியுள்ள மருத்துவமனையில், மருத்துவர் தகுதி பார்த்து அனுமதித்தால் அடுத்த பேறு இயல்பாகவும் நிகழலாம். நிகழாவிட்டாலும் குறைவில்லை. எந்த வாயில் வழியாக வந்தோம் என்று எந்தக் குழந்தையும் தன் தாயைக் கேட்பதில்லை. பசித்தபோது அவள் கை வந்ததா, அழுதபோது அவள் குரல் வந்ததா என்பதே அதற்குத் தெரியும். அந்தக் கையும் குரலும் சோராமல் பார்த்துக்கொள்வது, சுற்றியுள்ள நம் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்ட கடமை.