நெய்யாற்றுக் கல்லில் நின்றவன்

அருவிப்புறத்துச் சிவனைத் தொழும்போதெல்லாம் என் நெஞ்சு முதலில் ஆற்றுக்குள்தான் முங்கும். 1888 சிவராத்திரி இரவில் ஸ்ரீ நாராயண குரு நெய்யாற்றின் சங்கரன் குழியில் மூழ்கி, ஒரு கல்லை எடுத்து வந்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். கோயில் வாசல்கள் அடைத்துக் கிடந்த மக்களுக்கு அந்தக் கல் அப்பனானது. தமிழில் தேவாரப் பதிகங்கள் எழுதிய குரு அவர். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பதிகங்களில் தனி உரிமையே உண்டு.

கல் உயிரற்றது என்று யார் சொன்னது? எங்கள் மண்ணின் கோண்டலைட் பாறையை உடைத்துப் பாருங்கள். செம்புள்ளிகளாய் கார்னெட். ஊடே மின்னும் கரிய செதில்கள், பென்சில் முனையில் இருக்கிற அதே கிராஃபைட். இந்தப் பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறு. அதில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் உடற்கரிதான் வெந்து கிராஃபைட் ஆனது. கார்பன் அணுக்களின் எடையை அளந்து ஆய்வாளர்கள் கண்டது இது. அறிந்த நாளில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாறைக்குள்ளும் நீயா, அப்பா!

அந்தச் சேற்றுக்கும் முன்னே போனால், உயிர் தோன்றியபோது காற்றில் ஆக்சிஜனே கிடையாது. நீலப்பச்சைப் பாசிகள் வெயிலைக் குடித்து ஆக்சிஜனை வெளிவிட்டன. கடலில் கரைந்திருந்த இரும்பு துருவாகிப் படிந்தது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன் காற்றிலும் ஏறியது. அன்றைய உயிர்களுக்கு அது ஆலகாலம். பல மாண்டிருக்கும், சில காற்றுப் புகாத சேற்றில் ஒளிந்தன, சில அந்த நஞ்சையே மூச்சாக்கின. அவற்றின் வழிவந்தவர்கள் நாம். நீலகண்டா, நஞ்சுண்ட கதையைப் பாட்டி மடியில் கேட்டேன். இப்போது மூச்சு இழுக்கும்தோறும் கேட்கிறேன்!

பிறகு, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், அவன் ஆடிய ஆட்டம். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, நம் தென்னிந்தியா எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானா என்னும் பெருநிலமாக இறுகின. நம் பாறைகள் நிலத்தடியில் 800 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்தன. மேலே மலைத்தொடர்கள் எழுந்தன. மழை அவற்றைக் கரைத்துப் பாஸ்பரஸைக் கடலுக்கு அள்ளிக் கொடுத்தது. விலங்குகள் கடலில் பெருகியதும் ஏறக்குறைய அக்காலத்தில்தான். மலை கரைந்த சத்து அதற்கு உதவியது என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அது அபிஷேகமாகவே தெரிகிறது. மலையே தன்னைக் கரைத்து ஊற்றிய அபிஷேகம்!

பூமி உயிரை மாற்றியது, உயிர் பூமியின் காற்றையே மாற்றியது. இதில் சிவம் எது, சக்தி எது என்று பிரிக்க என்னால் ஆகவில்லை. சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காவி கட்டி, விசிறி ஏந்தி, "கோவிந்தா, கோபாலா" என்று முஞ்சிறையிலிருந்து சிவாலய ஓட்டம் ஓடுவார்கள். காலடியில் அதே பழம்பாறை, நெஞ்சுக்குள் அதே ஆக்சிஜன். ஓடுங்கள் மக்களே, வாய்விட்டு விளியுங்கள்!