எதிராளி கையில் கயிறு

"போட்டி புகுந்துவிட்ட இடத்தில் தோழமை நிலைக்குமா?"

சென்ற திங்கள் கருங்குழியில் தோழர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, இளந்தோழர் ஒருவர் எழுப்பிய வினா இது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஆயின் அரைமணி நேரம் விடையிறுத்தும் அவரை நாம் நிறைவு செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், நம்மையே நிறைவு செய்துகொள்ளவில்லை. ஒருவன் வெல்ல மற்றொருவன் தோற்க வேண்டும். தோற்றவன் நெஞ்சிலே புண், வென்றவன் நெஞ்சிலே செருக்கு. புண்ணுக்கும் செருக்குக்கும் நடுவே தோழமைக்கு இடமேது என்பது அவர் வாதம். பள்ளித் தேர்விலே தொடங்கிப் பணித் தேர்வு வரையில் போட்டியையே உண்டு, போட்டியையே உடுத்தி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்தக் கசப்பை நாம் குறை கூறமாட்டோம்.

வீடு திரும்பும் வழியில் நம் நினைவுக்கு வந்தது தேர்வு மண்டபமன்று. பனிக்கட்டி மூடிய ஓர் ஏரி!

நம் பக்கத்து ஏரிகள் உறைவதில்லை. மதுராந்தகத்து ஏரி மழையில் நிரம்பிக் கலங்கல் வழியும், கோடையில் வற்றும், அதன் மேற்பரப்பிலே மனிதர் நடந்த காட்சியை எவரும் கண்டிலர். வடபுலத்துக் குளிர்நாடுகளிலோ கடுங்குளிர்த் திங்களில் ஏரி தரையாகிவிடும். அதன்மேல் மனிதர் நடப்பர், வண்டி ஓட்டுவர், துளையிட்டு மீன் பிடிப்பர். அவ்வாறு பிடிக்கையில் கத்தி நழுவும், துளையிடும் கருவி நழுவும், கைப்பேசி நழுவும், சில வேளை பனிக்கட்டி பிளந்து வண்டியே மூழ்கும். மேலே கட்டியாக உறைந்தாலும் கீழே நீர் நீராகவே இருக்கிறது. ஏனெனில் நீர் மிகுந்த அடர்த்தி பெறுவது 4 பாகை வெப்பத்தில். அந்த நீர் கீழே தங்கும். உறைந்த பனிக்கட்டி எடை குறைந்து மேலே மிதக்கும். மீன் பிழைப்பது அதனால்தான். எந்த ஆண்டவனும் மீனுக்கு இரங்கி மூடி போட்டு வைக்கவில்லை. நீரின் இயல்பு அது.

இப்படி விழுந்த பொருளை எடுக்க மூழ்குவோர் இருக்கின்றனர். யார் முதலில் காண்பது, எந்தக் குழு மிகுதியாக எடுப்பது என்று தமக்குள் நட்புப் போட்டி வைத்துக்கொண்டு இறங்குவோரும் உண்டு. அவர்கள் இறங்கும் முறையைச் சற்று உற்று நோக்குங்கள். பனிக்கட்டியிலே முக்கோண வடிவில் ஒரு வாயில் அறுக்கிறார்கள். மூழ்குவோன் உடலில் கயிறு கட்டப்படுகிறது. மறுமுனை, வாயிலருகே நிற்பவன் கையில். கயிற்றை இத்தனை முறை இழுத்தால் நலம், இத்தனை முறை இழுத்தால் உடனே தூக்கு என்று முன்னரே ஒரு மொழி வகுத்துக்கொள்கிறார்கள். இவ்விருவருக்கும் அப்பால் மூன்றாமவன் ஒருவன், மூழ்கும் உடையை முழுதும் அணிந்தபடி காத்திருக்கிறான். அவன் கயிறு முதல்வன் கயிற்றைவிட நீளமானது. ஏன் இத்தனை ஏற்பாடு? திறந்த ஏரியில் மூச்சுத் திணறினால் தலையைத் தூக்கினால் போதும். அங்கே தலைக்கு மேலே பாறை போன்ற பனிக்கட்டி. வாயில் ஒன்றே ஒன்று. அடிச்சேறு கலங்கிவிட்டால் அந்த வாயிலும் கண்ணுக்குத் தெரியாது. கயிறு ஒன்றே வழி.

இனி நம் தோழரின் வினாவை அந்த வாயிலருகே வைத்துப் பார்ப்போம். இன்று நான் இறங்குகிறேன். கயிற்றை நீ பிடிக்கிறாய். சற்றுப் பொறுத்து நீ இறங்குவாய்; நான் பிடிப்பேன். எவனை வெல்ல வேண்டுமென்று மூழ்குகிறேனோ அவன் கையிலே என் மூச்சு! கயிற்றைச் சற்றே தளர விட்டால் அவன் வென்றுவிடலாம். ஆனால் அவன் விடுவதில்லை. அவன் புத்தனோ ஏசுவோ என்பதனாலன்று. அடுத்த முறை தன் உயிர் என் கையில் என்பதை அறிந்தவன் என்பதனால். தோழமை என்பது உள்ளத்திலே ஊறும் இன்சுவை மட்டும் என்று எண்ணுகிறோம். அங்கேயோ அது நூலால் முறுக்கிய பொருளாக, ஈரமாக, கையிலே கனக்கிறது.

குளிர்நாட்டுக் கதை கூழுக்குதவுமா என்று கேட்பீர்கள். நம் கடலிலேயே இக்கயிறு உண்டு, தோழர்களே! கொற்கை முத்தின் பெருமையை மேடைதோறும் முழங்குகிறோம். அம்முத்தை எடுத்தவன் எப்படி இறங்கினான் என்று எத்தனை மேடை பேசியிருக்கிறது? மன்னார் வளைகுடாவிலே முத்துச் சிப்பி படிந்த பார்களுக்கு விடியலில் தோணிகள் செல்லும். கல்லொன்றில் காலூன்றி, கயிற்றைப் பற்றி, ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் ஆழம் வரை அவன் இறங்குவான். கல்லை மேலே இழுத்துக்கொள்வர். ஒரு நிமிட அளவு மூச்சடக்கிச் சிப்பியை வலைப்பையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைப்பான்; தோணியில் இருப்பவன் இழுப்பான். ஒரு கல்லுக்கு இருவராக மாறி மாறி இறங்குவது வழக்கம். தூத்துக்குடிக் கடலில் இம்முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது.

அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் யார்? மனைவியின் உடன்பிறந்தான் பிடிப்பான் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மைத்துனன் கைவிடமாட்டானாம்; கைவிட்டால் தாலியறுபவள் அவன் தங்கை அல்லவா! கேட்போர் சுவைத்துச் சிரிக்கும் செய்தி இது. நாமும் சிரித்தோம், பிறகு சிரிப்பு அடங்கிற்று. ஒருவனுடைய நேர்மைக்குப் பிணையாக ஒரு பெண்ணின் கைம்மைக் கொடுமை நிறுத்தப்பட்டிருக்கிறது! விதவையை வதைக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டால் மைத்துனன் கயிற்றை விட்டுவிடுவானா? இன்னொன்று: உறவுக்காரன் மட்டுமே நம்பத்தக்கவன் என்றால், உறவு எதுவரை? மணவினை எதுவரையோ அதுவரை. மணவினை எதுவரை? சாதி எதுவரையோ அதுவரை! ஆக, நம்பிக்கைக் கயிறு சாதியின் எல்லையிலே அறுந்துபோகிறது. குளிர்நாட்டு ஏரியிலே பெயர் மட்டும் அறிந்த எதிராளியிடம் ஒருவன் தன் மூச்சை ஒப்படைக்கிறானே, அவனுக்கும் நமக்கும் உள்ள தொலைவை இந்தக் கயிற்றால் அளக்கலாம்.

கடற்கரையில் மற்றொருவன் இருந்தான். அவனை மறந்துவிடக் கூடாது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பிலே மன்னனுக்குப் பத்திலொரு பங்கும், மீனை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதிலொரு பங்கும் கொடுக்கப்பட்டதைக் குறித்துள்ளார். கட்டுவோர்க்கு அவர் எழுதிய பெயர் பிராமணரைக் குறிப்பதென்பர் ஆய்வாளர். பகலிலே சுறாவைக் கட்டும் மந்திரம் இரவிலே அவிழ்க்கப்படுமாம், திருடர் இறங்காதிருக்க! சுறாவுக்கு நாழிகைக் கணக்குத் தெரியும் போலும். பின்னாளில், 19ஆம் நூற்றாண்டின் இலங்கையிலே, ஆங்கில அரசே இத்தகைய கடல்கட்டிக்கு ஊதியம் அளித்ததை எமர்சன் டென்னன்ட் பதிவு செய்கிறார். மந்திரத்தில் வெள்ளையருக்கு நம்பிக்கை இருந்ததா? இல்லை, மந்திரக்காரன் இல்லாமல் குளிப்போர் இறங்க மறுப்பர் என்ற கணக்குத்தான். கரையிலே உட்கார்ந்து வாயசைத்தவனுக்குப் பங்கு. சுறா வந்தால் தூக்கியது கயிற்றுக்காரன் கை!

கடலடிப் பொருள் என்றதும் நம் வட்டாரத்தார்க்கு நினைவில் எழுவது மாமல்லை. ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுக்குள் போயின என்று பாட்டி முதல் வழிகாட்டி வரை கூறுவர். எப்படிப் போயின? 1788-இல் அச்சான வில்லியம் சேம்பர்சின் கட்டுரையில், அவ்வூர்ப் பிராமணர் சொன்ன கதை இருக்கிறது. நகரின் அழகும் செல்வமும் தேவருலகை மிஞ்சத் தொடங்கினவாம்; இந்திரன் அவையிலிருந்த தேவர்கள் பொறாமை கொண்டு, கடலை ஏவி ஊரை அழித்தனராம். கதையைக் கட்டியவர்கள் வெட்கமின்றி ஒப்புக்கொண்ட உண்மையைப் பாருங்கள்: மனிதன் உயர்ந்தால் தேவன் பொறுக்கமாட்டான்! தன் அமராவதியை இன்னும் அழகாக்கிக்கொள்வோம் என்று ஒரு தேவனுக்கும் தோன்றவில்லை. அதுதான் பொறாமை. எதிராளி ஓடினால் தானும் விரைந்து ஓடுவது போட்டி. எதிராளியின் காலை வெட்டுவது பொறாமை. இளந்தோழர் கசந்தது இரண்டாவதைக் கண்டு. பெயர் மட்டும் முதலாவதன்மேல் போட்டுவிட்டார்.

தேவர் மூழ்கடித்ததை மனிதர் தேடினர். 2002-இல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்துக் குழுவொன்றும் இணைந்து மாமல்லைக் கடலில் மூழ்கின. கடற்கரைக் கோயிலுக்கு 500 முதல் 700 மீட்டர் அப்பால், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டுமானச் சிதைவுகளைக் கண்டன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், 2005-இல் தொல்லியல் துறையினர் கடற்படையோடு சேர்ந்து மூழ்கி ஆய்ந்தனர். ஒரு குழு கண்டதை அடுத்த குழு சரிபார்க்கிறது, திருத்துகிறது, மேற்கொண்டு செல்கிறது. முந்த வேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கும் இருந்திருக்கும். இருக்கட்டும், கண்ட பொருள் கண்டவன் வீட்டுக்குப் போகவில்லை.

ஆயினும், 'போட்டி நல்லது, பொறாமை தீது' என்று கூறி எழுந்துவிடுவது நமக்கு எளிது. இளந்தோழருக்கு அது போதாது. ஏனெனில் வேறொரு கூட்டமும் அதே போட்டியின் புகழைப் பாடுகிறது. "தகுதிக்கு இடம் கொடு, திறமைக்கு வழி விடு, யார் வேண்டுமானாலும் போட்டியிடட்டும்" என்கிறது. 1951-இல் வகுப்புவாரி உரிமை ஆணை வழக்கு மன்றத்தில் வீழ்ந்தபோதும், கிளர்ச்சியின் விளைவாக அதே ஆண்டு அரசமைப்பு முதன்முறை திருத்தப்பட்டபோதும் கேட்ட பாட்டு அது, இன்றும் ஓய்ந்தபாடில்லை. அவர்களை நாம் கேட்பது ஒன்றே: குளத்திலே யாரை இறங்க விட்டீர்கள்? 1927 மார்ச் 20-இல் மகாட் நகரிலே அம்பேத்கர் பெருங்கூட்டத்தோடு சென்று ஒரு குளத்து நீரை அள்ளிக் குடித்தார். நீர் குடிப்பதே போராட்டமாயிருந்த நாட்டில், நீந்தக் கற்றவன் யார், கல்லாதவன் யார்? கிணறும் குளமும் படித்துறையும் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்று அரசமைப்பின் 15-ஆம் பிரிவு எழுத வேண்டி வந்ததே, மறுப்பு இல்லாத நாட்டில் அவ்வரி எதற்கு?

இதனை நூலில் மட்டும் படித்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டோம். நம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அகன்ற பாசனக் கிணறு இருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகள் சுண்ணாம்பு தடவிய கல்லை அதில் எறிந்து, யார் முதலில் எடுப்பது என்று மூழ்குவர். ஆழமான கிணறு ஆதலின், இடுப்பிலே தாம்புக் கயிறு கட்டி இறங்குவது அவர்களே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. அறிவுடைய ஒழுங்கு என்று மகிழ்ந்து நின்றோம். மூன்றாம் முறை பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: எல்லோர் கயிற்றையும் பிடித்தவன் ஒரே பையன்.

"நீ இறங்கவில்லையா, தம்பி?"

"நான் கயிறு பிடிக்கிறேன் சார்."

"மற்றவர் பிடிக்கட்டும், நீ ஒரு முறை இறங்கு."

அவன் மற்றவர்களைப் பார்த்தான். பிறகு பம்புசெட்டு அறைப் பக்கம் பார்த்தான். "கிணத்துக்காரங்க சொல்வாங்க சார்," என்றான், தணிந்த குரலில். எந்தத் தெருப் பிள்ளை அவன் என்று நாம் கேட்கவில்லை, கேட்கத் தேவையிருக்கவில்லை. அத்தனை பேர் மூச்சும் அவன் கையில். அவன் உடல் மட்டும் அந்த நீரில் படலாகாது!

பிள்ளைகளோடு பேசினோம். அடுத்த ஞாயிறு அவன் இறங்கினான். கல்லை அவன் எடுக்கவில்லை. மேலே வந்தபோது மூச்சு வாங்கச் சிரித்தான். கயிற்றைப் பிடித்திருந்தவன் முந்திய வாரம் வென்றவன். அதற்கடுத்த ஞாயிற்றுக்குள் கிணற்றைச் சுற்றி முள்வேலி எழுந்தது. எவரும் குளிக்கலாகாதாம், பிள்ளைகளின் பாதுகாப்புக்காம்!

இளந்தோழர் இக்கதையைக் கேட்டு, "அப்படியானால் போட்டியும் போயிற்று, கிணறும் போயிற்று" என்றார். பிள்ளைகள் இப்போது ஏரி மதகுப் பக்கம் போகிறார்கள். ஏரி எவர் பட்டாவிலும் இல்லை. சுண்ணாம்புக் கல் அதே கல்தான். தாம்புக் கயிறு புதியது, ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வாங்கினார்கள். பிடிப்பது முறை வைத்து. முறை தவறியதென்று சென்ற வாரம் அவனும் மற்றொருவனும் உரக்கச் சண்டையிட்டுக்கொண்டதை நாம் கரையிலிருந்து கேட்டோம், விலக்கப் போகவில்லை.