வகுப்பறையில் ஒரு மௌனக் கங்காணி

ஒழுக்கத்தைப் புள்ளியிட்டு வளர்க்க முடியுமா? இவ்வினா இன்று வெறும் தத்துவ விசாரமன்று. ஆசிரியரின் கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்ட வினாவாகும். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே அறிமுகமாகி, பல நாடுகளிலும் பரவிய ‘கிளாஸ்டோஜோ’ என்னும் செயலியை உதாரணமாகக் கொள்வோம். அதிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குட்டிப் பூதத்தின் உருவம் உண்டு. பிள்ளை சக மாணவனுக்கு உதவினால் ஆசிரியர் ஒரு புள்ளி கூட்டலாம்; பாடத்தின் நடுவே பேசினால் ஒரு புள்ளி குறைக்கலாம். அக்கணக்கை வகுப்புத் திரையிலே எல்லோரும் காணக் காட்டலாம்; பெற்றோர் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பிரம்பினும் இது மேலானதன்றோ என்று ஆசிரியர் கேட்பர். நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துக் கற்பிப்பவரின் கேள்வி அது. அதனை இலேசாகத் தள்ளிவிடுதல் நியாயமன்று. பிரம்பு உடலை வருத்தும். புள்ளி அவ்வாறு வருத்துவதில்லை. எனினும் இரண்டும் பிள்ளையிடம் வேண்டி நிற்பது கீழ்ப்படிவையே. ‘ஏன் இவ்வாறு நடக்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு இரண்டிலும் இடமில்லை.

கருவி புதியது, கருத்தோ மிகப் பழையது. 1800ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையைப் பொறுப்பேற்ற றொபேட் ஓவன், ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நாற்பக்க மரத்துண்டொன்றைத் தொங்கவிட்டார். கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு நிறங்கள். முன்புறம் தெரியும் நிறம், முதல்நாள் அத்தொழிலாளி நடந்துகொண்ட விதத்தை அறிவிக்கும்; அது ஏட்டிலும் பதியப்படும். அம்மரத்துண்டை நமது மொழியிலே ‘மௌனக் கங்காணி’ எனலாம்.

ஆனால், அதே ஓவன் 1816இல் அத்தொழிலாளரின் பிள்ளைகளுக்காகக் கல்விக்கூடம் திறந்தபோது, அங்கே தண்டனைக்கும் இடமளிக்கவில்லை, வெகுமதிக்கும் இடமளிக்கவில்லை. ஆலையிலே வேண்டப்பட்டது உற்பத்தி. பள்ளியிலே உருவாக வேண்டியவன் மனிதன் என்ற வேறுபாட்டை அவரது செயலிலே நாம் காண்கிறோம். அன்று ஆலையோடு நின்ற கங்காணி, இரண்டு நூற்றாண்டுகளின் பின் பள்ளிக்குள்ளே நுழைந்திருக்கிறான்.

வெகுமதியினால் விளைவதென்ன? லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகிய ஆய்வாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. சித்திரம் வரைவதில் விருப்பமுள்ள பாலர்களுள் ஒரு சாராருக்கு, வரைந்தால் பரிசு உண்டென முன்கூட்டியே சொல்லப்பட்டது. சில நாட்களின் பின், பரிசின்றிச் சுதந்திரமாக விளையாட விட்டபோது, அவர்கள் ஏனையோரிலும் குறைவாகவே வரைந்தனர். சித்திரம் வேறு, ஒழுக்கம் வேறு என்று வாதிடலாம். ஆனால் ஒழுக்கத்திலே செயலைவிட அதன் காரணமல்லவா முக்கியம்? புள்ளிக்காக அயலானுக்குப் பென்சில் கொடுத்த பிள்ளை பென்சிலைக் கொடுத்தது உண்மை. இரக்கத்தைக் கற்றதா என்பது ஐயம்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. மனிதனின் குணத்தைச் சூழலே உருவாக்குகிறது என்பது ஓவனின் அடிப்படைக் கொள்கை. காலை உணவின்றி வந்த பிள்ளை பாடத்திலே கவனமிழக்கிறது. இரவெல்லாம் தம்பியைப் பராமரித்த பிள்ளை மேசைமீது உறங்குகிறது. செயலி ‘கவனமின்மை’ என்று பதிகிறது, பசியைப் பதிவதில்லை. சமுதாயத்தின் கடன் பிள்ளையின் பெயரிலே எழுதப்படுகிறது.

கருவிகளையெல்லாம் வீசியெறியுங்கள் என்று நாம் கூறவில்லை. வரவு பதியவும், பெற்றோருக்குச் செய்தி அனுப்பவும் அவை உதவட்டும். நடத்தையைப் பற்றிய பேச்சோ ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இடையே நேர்முகமாக நிகழ வேண்டும். வகுப்பின் விதிகளை மாணவரோடு கூடியிருந்து வகுப்போம். விதி மீறப்பட்டால் முதலிலே காரணத்தைக் கேட்போம். அவ்வாறு கேட்பதற்கு நேரமில்லை என்றால், கோர வேண்டியது இன்னொரு செயலியையன்று. சிறிய வகுப்புகளையும் கூடுதலான ஆசிரியர்களையுமே.