தோரா படிக்கும் அப்பா, வாடகை கட்டும் மகள்

வாடகை கேட்டு வந்த பெண் சத்தம் போடுகிறாள். ரெப் ஸ்மோலின்ஸ்கி கையிலிருக்கும் வேதப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவதாக இல்லை. ஆத்திரத்தில் அவள் புத்தகத்தைத் தட்டிவிட்டு அதன்மேல் காலும் வைத்துவிடுகிறாள். விழுகிறது ஓர் அறை. போலீஸ், கோர்ட் என்று விஷயம் போகிறது. செருப்புத் தடம் பதிந்த பக்கத்தைக் காட்டியதும் நீதிபதி அவரை விட்டுவிடுகிறார். தெருவே அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறது. வாடகைக்கு மட்டும் வழக்கம்போல் மகள்களின் சம்பளம்தான்.

ஆன்சியா யெஸியர்ஸ்கா 1925-இல் எழுதிய ‘பிரெட் கிவர்ஸ்’ நாவலில் வரும் காட்சி இது. நடப்பது நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய ஏழை யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டையில். யெஸியர்ஸ்காவும் ரஷ்ய ஆட்சியின் கீழிருந்த போலந்திலிருந்து அப்படி வந்த குழந்தைதான். அவருடைய தந்தையும், யூத சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தில் பண்டிதர். ஒருவர் கடவுளின் சொல்லைப் படிக்க இன்னொருவர் உழைத்துப் போட்டால், புண்ணியம் யார் கணக்கில் சேரும்? நாவல் முழுக்க இந்தக் கேள்விதான்.

ஸ்மோலின்ஸ்கியிடம் பதில் தயார். பெண்ணுக்கென்று தனியாக சொர்க்கம் இல்லை. தோரா என்னும் யூத வேதத்தைப் படிக்கும் கணவனுக்கோ தகப்பனுக்கோ பணிவிடை செய்தால், அவர் பின்னாலேயே அவளும் உள்ளே போய்விடலாம். ஆகவே சூப்பில் மிதக்கும் கொழுப்பையெல்லாம் அம்மா வழித்து அப்பாவின் தட்டில் ஊற்றுகிறாள். வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கு அடியில் மிஞ்சிய தண்ணீர். மூத்தவள் பெஸ்ஸியை வரதட்சணையே வேண்டாம் என்று கட்டிக்கொள்ள பெரெல் பெர்ன்ஸ்டைன் முன்வருகிறான். அவள் போய்விட்டால் சம்பளம் நின்றுவிடுமே! கல்யாணச் செலவும் உன்னுடையது, எனக்கு ஒரு தொழிலும் வைத்துக் கொடு என்கிறார் அப்பா. மாப்பிள்ளை வீட்டார் பேரம் பேசியே பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு, பெண்ணைப் பெற்றவர் பேசும் இந்தப் பேரம் புதிதாக இருக்கும். சம்பந்தம் முறிகிறது. பிறகு பெஸ்ஸி, மனைவியை இழந்த ஒரு மீன் வியாபாரிக்கு, அவருடைய பிள்ளைகளோடு சேர்த்துக் கட்டிவைக்கப்படுகிறாள்.

இவ்வளவுக்கும் ஸ்மோலின்ஸ்கி வெறும் வில்லன் இல்லை. அவர் வேதக் கதை சொல்ல ஆரம்பித்தால், அதுவரை வாடகைக்காகக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். அந்த ஒளியை யெஸியர்ஸ்கா கேலி செய்யவில்லை. அதனால்தான் அவருடைய கோபத்தை நம்ப முடிகிறது.

ஆனால் ஸ்மோலின்ஸ்கி சொல்வதுதான் யூத மரபு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மகன்களைப் படிக்க அனுப்பிக் கணவனுக்காகக் காத்திருப்பதே பெண்ணின் புண்ணியம் என்று தல்மூத்தில் ஓரிடத்தில் வருவது உண்மை. அதே தல்மூத்தில் ரபி அகிவா, தானும் சீடர்களும் கற்றதெல்லாம் தன் மனைவிக்கே சொந்தம் என்கிறார். உழைப்பில்லாத தோராப் படிப்பு பாழாய்ப் போகும் என்பது கமாலியேல் என்ற பழைய ஆசானின் வாக்கு. 12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ், கடைசிவரை வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர், ஒரு படி மேலே போனார்: பிறர் தர்மத்தில் உண்டு படிப்பவன் கடவுளின் பெயரையே இழிவுபடுத்துகிறான் என்றார். இவ்வளவும் ஸ்மோலின்ஸ்கியின் புத்தக அலமாரியில்தான் இருந்திருக்கும். எந்தப் பக்கத்தை வீட்டில் உரக்கப் படிப்பது என்று முடிவு செய்தவர் ஒருவரே.

கிழக்கு ஐரோப்பாவில் விட்டுவந்த பழைய ஊரில் பண்டிதரின் பாரத்தை மாமனார் வீடு, மனைவியின் கடை, ஊர்ப் பணக்காரர்கள் என்று பலர் பகிர்ந்துகொண்டார்கள். தாங்கியவருக்கும் கௌரவம் இருந்தது. நியூயார்க்கில் அந்த ஏற்பாடு கலைந்தது. நம்பிக்கை மட்டும் கப்பலேறி வந்தது. அதன் செலவு தொழிற்சாலைக்குப் போன பெண்களின் தலையில் விழுந்தது.

அதே பெண்கள் மதத்தைத் தங்கள் வழியிலும் கையாண்டார்கள். 1909 நவம்பர் 22 அன்று நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில் கிளாரா லெம்லிக் என்ற இளம் தொழிலாளி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தபோது, கூட்டம் வலது கையை உயர்த்திப் பழைய யூத சத்தியத்தின் சாயலில் உறுதி எடுத்தது. இருபதாயிரம் பேருக்குமேல் வேலையை நிறுத்தினார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள்.

நாவலின் கடைக்குட்டி சாரா வீட்டைவிட்டு வெளியேறிப் பகலில் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள், இரவில் படிக்கிறாள். ஒருநாள் உணவகத்தில் அவளுக்கு உருளைக்கிழங்கும் குழம்பும் விழுகின்றன. அடுத்து நிற்பவனுக்குக் கறித்துண்டுகள் குவிகின்றன. ஏன் என்று கேட்டால், ஆண்களுக்கு அதிகம் வைப்பதுதான் வழக்கமாம். அப்பாவின் தட்டு இங்கேயும் வந்துவிட்டது, வேதத்தின் துணைகூட இல்லாமல்.

முடிவில் யெஸியர்ஸ்கா தயங்கிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஆசிரியையாகிவிட்ட சாரா, தெருவில் சூயிங்கம் விற்கும் முதிய தந்தையைக் கண்டெடுக்கிறாள். அவளை மணக்கவிருக்கும் ஹியூகோ ஸீலிக்குக்கு அவர் மகிழ்ச்சியோடு ஹீப்ரு கற்றுத்தர முன்வருகிறார். இத்தனை வருஷமாக மகளுக்கு ஏன் கற்றுத்தரவில்லை என்பதை நாவல் அங்கே கிளறவில்லை. மகளுக்கும் தோரா சொல்லித்தர வேண்டும் என்ற பென் அஸ்ஸாய் என்ற பழைய ஆசானின் கட்சியும் தல்மூத்திலேயே இருக்கிறது. போலந்தின் கிராகோவில் சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண்மணி, சிறுமிகளுக்கு மதக்கல்வி தரும் பள்ளியை 1917-இலேயே தொடங்கியிருந்தார்.