தீபாவளி அன்னைக்கு மனசு மட்டும் இருட்டா இருந்தா...



தீபாவளி நெருங்குது. ஸ்டேட்டஸ் பூரா புதுச்சட்டை, பலகாரம், குடும்பப் படம். அதையெல்லாம் படுத்துக்கிட்டே தள்ளிப் பார்த்துட்டு, "எனக்கு மட்டும் ஏன் எதுவுமே பிடிக்கல?"ன்னு நினைக்கிற தம்பி தங்கைகளுக்குத்தான் இந்தப் பதிவு. வேலை என்னாச்சு, கல்யாணம் எப்போன்னு கேப்பாங்களேன்னு ஊருக்கே போகாம ரூமில் தங்கிட்டவங்க இருப்பீங்க. சிலருக்கு இது அம்மா இல்லாத முதல் தீபாவளி.

"முருகனைக் கும்பிடுறவனுக்கு டிப்ரெஷன் எப்படி வரும்?"னு கேக்குறவங்க உண்டு. அந்தக் கேள்வியே சரியில்லைங்க. அருணகிரிநாதர் வாழ்க்கை வெறுத்து, உயிரை விடத் துணிஞ்சு திருவண்ணாமலைக் கோபுரத்தில் ஏறினவர்னு நம்ம பெரியவங்க சொல்லியிருக்காங்க. முருகன் அவரைத் தாங்கினான். வல்லாள மகாராஜா கோபுரத்துக்குப் பக்கத்தில் கோபுரத்திளையனார் சன்னதி இன்னைக்கும் இருக்கு. ஒண்ணு கவனிங்க. அப்போ அவர் திருப்புகழில் ஒரு பாட்டுகூடப் பாடியிருக்கல. தகுதி பார்த்துத் தாங்கல அவன்.

அதுக்காக நாமளும் சோதிச்சுப் பார்க்கிற விஷயம் இல்ல இது. நமக்கு நீட்டுற கை பக்கத்து ரூம் நண்பனோடதா இருக்கலாம், டாக்டரோடதா இருக்கலாம். அதையும் அவன் கைன்னுதான் நான் நம்புறேன்.

அமாவாசை முடிஞ்ச மறுநாள் பிரதமையில் கந்த சஷ்டி விரதம் தொடங்குது. ஆறாம் நாள் திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம். அங்கே பார்த்திருப்பீங்க, சூரன் ஒரே முகத்தோட வர்றதில்ல. யானைமுகம், சிங்கமுகம், அப்புறம் சொந்த முகம், கடைசியில் மாமரம். மனச்சோர்வும் இப்படித்தான் முகம் மாத்தி வரும். ஒரு நாள் தூக்கம் வராது, ஒரு நாள் எழுந்திருக்கவே முடியாது. சிலருக்கு அது கோபமா வரும், அம்மாகிட்ட எரிஞ்சு விழுவாங்க. வீட்டுல அதைத் திமிர்னு சொல்லிடுவாங்க, பாவம்.

ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே போனா அது சோம்பேறித்தனமும் இல்ல, பக்திக் குறைவும் இல்ல. வைத்தியம் வேணும். மாத்திரை சாப்பிடுறவங்க விரதத்துக்காக அதை நிறுத்தாதீங்க. சில மாத்திரைக்குச் சாப்பாடு தண்ணி குறைஞ்சா ஆபத்து, டாக்டரைக் கேட்டுட்டு விரதம் இருங்க. வேண்டாம்னு சொன்னா சாப்பிட்டுட்டே ஒரு விளக்கு ஏத்துங்க. கவசம் முழுசாச் சொல்ல முடியலையா, "முருகா"ன்னு ஒரு தடவை சொல்லுங்க, போதும். குளிக்கணும், கொஞ்சம் வெயில்ல நடக்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும். இந்த ஆறு நாளுக்கு இதையே விரதமா வெச்சுக்கோங்க. ஸ்டேட்டஸ் பார்க்காம இருக்கிறதும் நல்ல விரதம்தான்!

வாழவே வேண்டாம்னு தோணுச்சுன்னா தனியா இருக்காதீங்க. பக்கத்தில் இருக்கிறவங்களைக் கூப்பிடுங்க. 14416-க்குப் போன் போடுங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

நல்லா இருக்கிறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. ஊருக்குப் போகாம உங்க ஹாஸ்டல்ல, பக்கத்து ரூம்ல யார் இருக்காங்கன்னு பாருங்க. அறிவுரை சொல்லாதீங்க. ரெண்டு அதிரசத்தை எடுத்துட்டுப் போய்க் கதவைத் தட்டி, "சாப்டியாடா?"ன்னு கேளுங்க.

முருகா சரணம்! 🦚