ஊருக்கு, ஊரிகி

ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் இரண்டு மொழிகள் காதில் விழும். வேப்பஞ்சேலை கட்டிப் பிராகாரம் சுற்றுகிறவர்களில் ஆந்திரத்திலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். நேர்த்திக்கடன் முடிந்ததும் ஒரு குடும்பம் 'ஊருக்கு' என்று கிளம்பும். பக்கத்துக் குடும்பம் 'ஊரிகி' என்று கிளம்பும். மைசூர்ப் பக்கம் அதுவே 'ஊரிகெ'.

ஊர் என்ற சொல்லை ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கியிருக்கலாமே? வாங்கியிருக்கலாம்; பஸ் என்ற சொல்லை எல்லோரும்தான் வாங்கினோம். ஆனால் அதோடு ஒட்டும் க்கு, கி, கெ போன்ற வேற்றுமை உருபு அவ்வளவு எளிதில் கைமாறாது. சோட்டா நாகபுரியில் பேசப்படும் குடுக் மொழியிலும் நான்காம் வேற்றுமைக்கு 'கே' இருக்கிறது.

இம்மொழிகள் ஒரே மூலமொழியிலிருந்து வந்தவை என்பதற்கு இன்னும் நுட்பமான சான்று ஒன்று உண்டு. மரம் என்பதோடு ஐ சேர்த்தால் 'மரமை' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை, 'மரத்தை' என்கிறது. இடையே நுழையும் 'அத்து' தொல்காப்பியம் சொல்லும் சாரியை. மரத்தில் என்பதற்குக் கன்னடக் குழந்தை 'மரதல்லி' என்கிறது. நடுவில் அதே தகரம். இதை இரண்டு குழந்தைகளுக்கும் யாரும் பாடமாக நடத்தவில்லை.

சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-லேயே இந்த உறவை எடுத்துக்காட்டினார். 1856-இல் கால்டுவெல், 1961-இல் பரோவும் எமனோவும் தொகுத்த அகராதி, 2003-இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் நூல் என்று அந்த வேலை வளர்ந்தது.  மூலமொழியை மீட்கிறவர்களுக்குச் சங்கத் தமிழ் துணை நிற்கிறது. ஆனாலும் மூலமொழியை எவரும் எழுதி வைக்கவில்லை. அதனால் மீட்டெடுத்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார்கள்: *கண். கணித்தது, கண்டதல்ல என்று பொருள். அறிவுலகத்தில் இவ்வளவு நேர்மையான குறி வேறொன்று இருப்பது அரிது.

தமிழின் கண், தெலுங்கின் கன்னு, பலூசிஸ்தானத்துப் பிராகுயியின் 'ஃகன்' எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்ச் சேர்கின்றன. பிராகுயிக்குப் பழைய ஏடுகள் இல்லை. வீட்டில் தாய்மார் பேசிப் பேசியே அந்தச் சான்று பிழைத்தது.

அப்படி வீட்டுப் பேச்சில் வாழும் மொழி இங்கும் உண்டு: ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. பள்ளியில் கேலி செய்வார்களோ என்று பிள்ளைகளிடம் அதைப் பேசுவதை நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு. நிறுத்தாதீர்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுத் தெலுங்கைக் காது கொடுத்துக் கேட்கட்டும்.