சனிக்கிழமை யாருடையது?

ஒரு சனிக்கிழமை மதியம், சால்பர்க் ரோமானியக் கோட்டை வாசலில் நின்று எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். மூன்று மணி நேரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அன்று காலையில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். 'பிள்ளை பயந்துருவான், ராத்திரி சொல்லிக்கலாம்' என்று அம்மா தள்ளிப்போட்டிருக்கிறாள். என் படத்துக்குக் கீழே சித்தப்பா ஒரு வரி எழுதியிருந்தார்: "வேலைக்குப் போனானா, ஊரு சுத்தப் போனானா?"

அந்தப் படத்தை எடுத்தவர் ஒரு மிஷனரி. எழுபதை நெருங்கும் அமெரிக்கர். பக்கத்தில் அவர் மனைவி. அதே கேள்வி அவர்களுக்கும் பழக்கமானது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போது நான் பிராங்க்ஃபர்ட்டுக்கு வடக்கே ஃபிரீட்ரிக்ஸ்டார்ஃபில் இருந்தேன். வங்கி ஒன்றின் பழைய மென்பொருளைப் புதிய சர்வர்களுக்கு மாற்றும் வேலை. அந்தச் சிற்றூரில் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்கு, அதாவது வெளியுலகம் மார்மன்கள் என்று சொல்பவர்களுக்கு, 1987இல் திறக்கப்பட்ட ஒரு கோயில் இருக்கிறது. கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராக வரும் இளைஞர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். பத்தொன்பது வயதுப் பையனை 'எல்டர்' என்று கூப்பிடுவார்கள். நிஜமாகவே மூத்தவர்களும் இப்படிப் போவதுண்டு என்பது பலருக்குத் தெரியாது. பணி ஓய்வு பெற்ற தம்பதிகள், பெரும்பாலும் சொந்தச் சேமிப்பில், 6 மாதம் முதல் 23 மாதம் வரை வெளிநாட்டில் ஊழியம் செய்கிறார்கள். கதவு தட்டும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அலுவலகப் பதிவேடு, நிவாரண வேலை, கோயில் பணி என்று ஏதாவது ஒன்று. என் மாடிக்காரர்கள் வாரம் ஐந்து நாள் எக்ஸெல்லில் கணக்குப் பார்த்தார்கள். ஞாயிறு ஆராதனை. மிச்சம் சனிக்கிழமை.

முதல் முறை வீட்டுக்கு வந்தபோது காபி நீட்டினேன், மறுத்தார்கள். காபியும் தேயிலையும் அவர்களுக்கு விலக்கு. சுக்குக் காபி போட்டேன். பேரில்தான் காபி, உள்ளே காபித்தூள் கிடையாது என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

அப்பா விழுந்த செய்தி வந்த இரவு, கதவைத் தட்டியது அந்த அம்மாதான். சித்தப்பாவின் வரியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கிளம்பும்போது அவர் மகளும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டாளாம். அவளுக்கு அப்போது ஏழு மாதம். "கடவுளுக்காகப் போறேன்னு சொல்ற. வாரக் கடைசியில ரைன் நதிக்கரையில படம் எடுத்துக்கிட்டு நிக்கிற. அந்த வாரக் கடைசியை எனக்குத் தந்திருக்கக் கூடாதா?" பேத்தி பிறந்ததை அந்த அம்மா போனில்தான் பார்த்தார்.

இந்தக் கேள்வியைத் தத்துவத்தில் இரண்டு பேர் வழியாக எனக்குத் தெரியும். 1972இல் பீட்டர் சிங்கர் எழுதிய கட்டுரையின் வாதம் எளிமையானது: ஒரு பெரிய தீங்கை, அதே அளவு முக்கியமான எதையும் இழக்காமல் தடுக்க முடியுமென்றால் தடுத்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் சுற்றுலாவின் ரயில் டிக்கெட்டுக்கு நியாயமே இல்லை. பத்து வருடம் கழித்து, 1982இல், சூசன் வுல்ஃப் 'அறப் புனிதர்கள்' பற்றி எழுதினார். நேரம் முழுவதையும் நற்செயலுக்கே கொடுப்பவருக்கு நாவல் படிக்கவோ இசைக்கருவி வாசிக்கவோ நேரமிருக்காது, அப்படிப்பட்ட வாழ்க்கை நாம் விரும்ப வேண்டிய லட்சியமல்ல என்பது அவர் தரப்பு. கல்லூரி நாட்களில் நான் சிங்கர் பக்கம். சம்பளம் வந்ததும் வுல்ஃப் பக்கம். வசதியான மாற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மகளின் கேள்விக்கு இருவரிடமும் பதில் இல்லை. அவள் கேட்டது உலகத்தின் துன்பத்தைப் பற்றி அல்ல. 'நீ என்னோடு இல்லை' என்பதுதான் அவள் புகார். அந்தப் புகார் சனிக்கிழமையைப் பற்றியதா என்பதே என் சந்தேகம்.

அந்த அம்மா அன்றிரவு சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: "நான் அவகூட இல்லாம போனது விமானம் ஏறின அன்னைக்கு. அதுக்கு நான் பதில் சொல்லணும், சாகுற வரைக்கும் சொல்லணும். சனிக்கிழமை ரூமுக்குள்ளயே உட்கார்ந்திருந்தா அந்தக் கடன் ஒரு காசு குறையுமா? அங்கேயும் இல்லாம, இங்கேயும் இல்லாம போயிருவேன்."

நாம் மறுத்துக்கொள்ளும் சந்தோஷம் யாருக்கும் போய்ச் சேருவதில்லை. நான் அன்று கோட்டைக்குப் போகாமல் அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தால் அப்பாவின் எலும்பு முறியாமல் இருந்திருக்காது. சித்தப்பாவுக்கு எழுத வரி கிடைத்திருக்காது, அவ்வளவுதான். என் குற்ற உணர்வில் பாதி, ஊரில் இல்லாததற்கானது அல்ல. சந்தோஷமாக இருக்கும்போது அகப்பட்டுக்கொண்டதற்கானது.

இதைச் சாக்காக வைத்துத் தப்பிக்கவும் முடியும். சேவை என்ற பெயரில் சுற்றுலா போகிறவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை மெல்ல வெள்ளியைத் தின்னும், வியாழனையும் தின்னும். அந்தத் தம்பதிக்கு ஒரு கணக்கு இருந்தது: தங்களுக்காக யாராவது காத்திருக்கும் நாளில் எங்கும் போவதில்லை. 1521இல் லூத்தர் பேரரசர் முன் நின்ற வோர்ம்ஸ் நகரத்துக்குப் போகும் திட்டத்தை மூன்று முறை தள்ளிப்போட்டார்கள், ஒவ்வொரு முறையும் யாருக்கோ விசாத் தாள் சிக்கல்.

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. 1838இல் மெட்ராஸில் வந்திறங்கிய கால்டுவெல், பிறகு இடையன்குடியில் நிலைகொண்டார். அனுப்பப்பட்டது மதம் பரப்ப. அவரோ தென்னாட்டு மொழிகளை ஒப்பிட்டார், கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். வேலையா, வேடிக்கையா? அந்த வேடிக்கையிலிருந்து வந்த 1856ஆம் வருட ஒப்பிலக்கணத்தை விட்டுவிட்டு இன்று அவரை யாரும் பேச முடியாது. அதே மனிதர் 1849இல், தான் ஊழியம் செய்த மக்களைப் பற்றியே எழுதிய புத்தகம் அவர்களைப் புண்படுத்தியது. ஒரு ஊரைப் பார்ப்பதற்கும் பொறுப்பு இருக்கிறது. பார்க்காமல் இருந்துவிட்டால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். அறுவை சிகிச்சை முடிந்து அப்பா படுத்திருந்தார். முப்பது வருடம் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். "அந்தக் கோட்டைப் படத்தக் காட்டுய்யா" என்றார். பெரிதாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"செவுரு எத்தனை அடி கனம்?"

தெரியவில்லை.

"கல்லுக்கு நடுவுல என்ன வச்சுக் கட்டிருக்கான்? சுண்ணாம்பா?"

அதுவும் தெரியவில்லை. கைப்பிடி தூரத்தில் நின்றிருக்கிறேன். படம் சரியாக வந்ததா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"அவ்வளவு தூரம் போயிட்டு, பாக்கலையாக்கும்" என்றார் அப்பா. கோபமில்லை, ஏமாற்றம்தான். சித்தப்பாவின் வரிக்கு என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை.